குகைப் படத்துக்கு நான் சொன்ன கதை

“என்னட்டி சொல்லுதான்? ஏ அமலி, என்ன சொல்லுதான்?”

டிவியில் கயித்துக்காரர் மலை இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தார். மேலே பாறை விளிம்பில் சிவப்புச் சட்டைக்காரி கையில் கத்தியோடு மண்டியிட்டிருந்தாள். கீழேயிருந்து அவர் இங்கிலீஷில் வாய் கிழியக் கத்துகிறார். எஸ்டேட் கிளப்பின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தரையில் சாக்கு விரித்து எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. டிவியை ஒரு தடவை பார்ப்பார்கள், என்னை ஒரு தடவை பார்ப்பார்கள்.

நான் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் நின்றிருந்தேன். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு. கையில், கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி ஒன்று. அதை வைத்துத்தான் ‘இவன் இன்னார், அவன் இன்னார்’ என்று காட்டுவேன்.

அவர் கத்தியது எனக்குக் கேட்டது. மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். நன்றாகவே கேட்டது. “அறுக்காதே, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கேன்” என்றுதான் கத்தினார்.

“அறுத்துருன்னு சொல்லுதாரு,” என்றேன் நான். “‘என்னயப் பாக்காத. நீ மேல ஏறிப் போ. அந்தப் பக்கம் உன்ன நம்பி ஜனங்க காத்துக் கெடக்கு. கயித்த அறு’ன்னு சொல்லுதாரு.”

சிவப்புச் சட்டைக்காரி அறுத்தாள். கிளப்பில் பாதிப் பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். முன் வரிசையில் இருந்த முருகேஸ்வரி அழவில்லை. கண்ணைக் கொட்டாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருத்திக்காகத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

சின்ன துரை விட்டுப்போன பெட்டி

கயித்துக்காரர் யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் சாகசப் பட வரிசை ஒன்றின் நாயகர் அவர். அந்த வரிசையின் பெயரை எங்கள் லயத்தில் யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. எல்லாப் படத்திலும் தோளில் ஒரு கயிற்றுச் சுருள் மாட்டியிருப்பார். அதனால் அவர் கயித்துக்காரர். படங்களுக்கும் நாங்களே பெயர் வைத்தோம். பனிப் படம், ஆத்துப் படம், குகைப் படம். பின்னால் பாலைவனப் படமும் தீவுப் படமும் வந்தன. ஆக ஐந்து. இப்போது ஆறாவது வரப்போகிறது.

முதல் மூன்றும் எங்களுக்கு வந்து சேர்ந்தது எஸ்டேட்டின் சின்ன துரையால். அசிஸ்டென்ட் மேனேஜரை இன்றைக்கும் எங்கள் பக்கம் சின்ன துரை என்றுதான் சொல்வோம். அவர் மாற்றலாகிப் போகும்போது, தூக்கிச் சுமக்க மனமில்லாமல் ஒரு பெட்டி வீடியோ கேசட்டைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் இங்கிலீஷ்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஜனம் பொறுமையாகப் பார்த்தது. அப்புறம் கொட்டாவி விட்டது. அப்புறம் யாரோ, “ஏலே, மூணாறுல மடத்துப் பள்ளிக்கூடத்துல இங்கிலீசுல படிக்காள்லா நம்ம அமலி, அவளத் தூக்கி ஸ்டூல்ல நிறுத்துங்கலே,” என்று சத்தம் போட்டார்கள். நிறுத்திவிட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் பேசிய இங்கிலீஷுக்கும் அந்தப் படத்தில் பேசிய இங்கிலீஷுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பத்து வார்த்தையில் நாலு பிடிபடும். மீதி ஆறை நான் போட்டுக்கொள்வேன். நான் போட்ட ஆறுதான் நன்றாக இருந்தது என்று அன்றைக்கும் சொன்னார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில் என் குரலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் ‘அம்மணிக்குத் தற்பெருமை கொஞ்சம் தூக்கல்’ என்று கடிதம் போட்டிருந்தார். ஆமாம் ஐயா, தூக்கல்தான். இப்போது நான் ஒரு டீ ஃபேக்டரியில் டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு போய், கொழுந்து எப்படித் தூளாகிறது என்று நாலு பாஷையில் விளக்குகிறேன். மிஷின் இரைச்சலில் நாற்பது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். ஒருத்தரும் பாதியில் நழுவுவதில்லை. அந்தத் தொண்டை அந்த ஸ்டூலில் உருவானது. இல்லாததற்கா நான் பெருமைப்படுகிறேன்?

சாயம் இறக்காமல் கிரேடு கிடையாது

வெளியூர்க்காரர்கள் படங்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போடுவார்கள். நாங்கள் ஃபேக்டரிக்காரர்கள். கிரேடுதான் போடுவோம்.

முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு, டஸ்ட், கடைசியில் நார். நார் என்றால் தூள் சலித்த பிறகு தங்குகிற காம்பும் சக்கையும். குடிக்க உதவாது, உரக்குழிக்குப் போகும். ஒரு படத்தை நார் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

இதில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ருசி பார்க்கிறவர் புதுசாகச் சாயம் இறக்கிக் குடிக்காமல் எந்தத் தூளுக்கும் கிரேடு மாற்ற மாட்டார். அதே மாதிரி, ஒரு படத்தைத் திரும்ப உட்கார்ந்து முழுசாகப் பார்க்காமல் அதன் கிரேடை மாற்றக் கூடாது. ஞாபகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாது.

இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். எதற்குப் போட்டேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கேசட் பெட்டியை அந்த வருஷ மழையிலேயே பூஞ்சை தின்றுவிட்டது. குகைப் படத்தைத் திரும்பப் பார்க்க வழியில்லை. அது வருஷக்கணக்காக முதல் கிரேடிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

குழாயடியில் சொன்னது

முருகேஸ்வரியும் நானும் ஒரே லயம். எங்கள் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்றே. எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பூசை, அவளுக்கு வெள்ளிக்கிழமை காளியம்மன் கோவில். மற்றபடி மூச்சு விடுவதுகூட ஒன்றாகத்தான்.

அவள் அம்மா கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். அப்பா வேலைக்குப் போனால்தான் வீடு நிற்கும். அம்மாவைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் முருகேஸ்வரிதான். அந்த நிலைமையில் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் வைத்துச் சொன்னாள்.

“நான் போவல அமலி. அம்மாவப் போட்டுட்டு எங்கட்டி போவ?”

“ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? ஒங்க அத்தைதான் வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாள்லா?”

“அத்தை பாத்துக்கிடுவா. ஜனம் என்ன பேசும்? எனக்கு நானே என்ன சொல்லிக்கிட?”

கெஞ்சினேன், திட்டினேன், குடத்தை எட்டி உதைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அன்று மத்தியானம் கிளப்பில் குகைப் படம். ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தால், முன் வரிசையில் அவள். திரையில் ஒருத்தி, கயிற்றின் மேல் கத்தியை வைத்துக்கொண்டு.

யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டேன்.

பாம்பைச் சுட்டாள்

சொன்ன பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. சிவப்புச் சட்டைக்காரி அந்தப் படத்தின் வில்லி. புதையலுக்காகக் கூட இருந்தவரைப் பாதாளத்தில் தள்ளியவள். இன்னும் முக்கால் மணி நேரப் படம் பாக்கி. அதில் அவள் செய்கிற அக்கிரமம் ஒவ்வொன்றையும் நான் நல்லதாக்க வேண்டும்.

பிழைத்து மேலே வந்த கயித்துக்காரரைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுகிறாள். “அவருக்குப் பின்னால பாம்பு! பாம்பச் சுட்டா!” என்றேன். பாம்பு எங்கே என்று ஒரு ஆள் கேட்டார். “செத்துப் போச்சுலா, அப்புறம் எப்படித் தெரியும்?” என்றேன்.

ஊர்க்காரர்களைக் கட்டிப் போடுகிறாள். வெள்ளம் வருகிறது, அடித்துப் போகாமல் இருக்கக் கட்டுகிறாள் என்றேன். கடைசியில் புதையலோடு குழியில் விழுந்து சாகிறாள். “உள்ள இன்னும் ரெண்டு பேரு மாட்டியிருக்காங்க, அவங்களத் தூக்கியார எறங்குதா,” என்றேன். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. அப்படித்தான் குகைப் படம் முதல் கிரேடு ஆனது.

செவ்வாய்க்கிழமை உடுமலைப்பேட்டை போகிற முதல் பஸ்ஸில் முருகேஸ்வரி ஏறிப் போய்விட்டாள். ‘பார்த்தாயா, நான் அனுப்பி வைத்தேன்’ என்று எனக்குள்ளேயே குதித்தேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

எட்டு மாதத்தில் அவள் அம்மா போய்விட்டார். தகவல் கிடைத்து இவள் வந்து சேர மறுநாளாகிவிட்டது. லயம் வாயை மூடவில்லை. படுக்கையில் கிடந்தவளைப் போட்டுவிட்டுப் போனவள், சீமைச் சேலை கட்டப் போனவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். நான் சுவரோரமாக நின்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பொய்யால்தானே போனாள்? கயிற்றை அறுக்கச் சொன்னது நான்தானே? காரியம் முடிந்து அவள் கிளம்பியபோது பஸ் நிறுத்தத்துக்குக்கூட நான் போகவில்லை.

சில வருஷம் கழித்து நர்ஸாகவே மூணாறுக்குத் திரும்பினாள். ஒரு கிளினிக்கில் வேலை, கல்யாணம், டவுனிலேயே வீடு. பேச்சு மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் கயித்துக்காரரைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். எந்தப் படம் எந்தக் கிரேடு என்று மணிக்கணக்காகச் சண்டை போடுவோம். அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குகைப் படத்தை அவள் ஒவ்வொரு தடவையும் முதல் கிரேடு என்று சொல்லும்போது நான் பேச்சைத் தீவுப் படத்துக்கு மாற்றிவிடுவேன். அந்தச் சிவப்புச் சட்டைக்காரியைப் பிடித்துக்கொண்டுதான் இவள் தன்னை மன்னித்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பினேன். அது பொய்யென்று தெரிந்தால் இவள் என்ன ஆவாள்?

செல்லையா அண்ணன் கண்டுபிடித்தது

முருகேஸ்வரியின் வீட்டுக்காரர் செல்லையா அண்ணன். போடிக்காரர். மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். கிளப்பில் நான் கதை சொன்ன காலத்தில் அவர் இங்கே இல்லை. ஆனால் கயித்துக்காரர் மேல் எங்களைவிட அவருக்குத்தான் பைத்தியம் அதிகம். பாலைவனப் படத்தில் ஒரு ஜீப் பறக்கிறது என்பதற்காகவே அதற்கு முதல் கிரேடு கொடுத்தவர். குகைப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. பெண்டாட்டி சொல்லிக் கேட்டதோடு சரி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“தங்கச்சி, அடிபொளி சமாச்சாரம் ஒன்னு! ஆறாவது படம் வருதுல்ல, அதுக்காகப் பழைய படம் அம்புட்டையும் தமிழ்ல பேசி நெட்டுல போட்டுட்டாய்ங்க. குகைப் படமும் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்துருங்க. சாயம் எறக்கிப் பாத்து கிரேடு போட்டுருவோம்.”

காய்ச்சல் என்று சொல்லலாமா, ஃபேக்டரியில் ஆள் இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அப்புறம் எனக்கே கோபம் வந்தது. நாலு பாஷையில் பேசுகிற வாய்க்கு ஒரு உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லையா? போனேன்.

போய்ப் படம் தொடங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். செல்லையா அண்ணன் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் எடுத்து வைத்து, கதவைச் சாத்தி, படத்தைப் போட்டுவிட்டார். சோபாவில் நடுவில் முருகேஸ்வரி. அவள் பக்கத்தில் நான்.

கயிற்றுக் காட்சி வந்தது. கீழே தொங்குகிறவர் இந்தத் தடவை நல்ல தமிழில், மழை இல்லை, தகரம் இல்லை, தெள்ளத் தெளிவாகக் கத்தினார். “அறுக்காதே! நான் உயிரோடதான் இருக்கேன்!”

சிவப்புச் சட்டைக்காரி சிரித்துக்கொண்டே அறுத்தாள்.

செல்லையா அண்ணன் கையிலிருந்த கிழங்கு வாய்க்குப் போகாமல் நின்றது. “என்ன முருகு, இவதான் நல்லவன்னு சொன்ன?”

முருகேஸ்வரி படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிவரை பார்த்தாள். துப்பாக்கியால் சுட்டபோது செல்லையா அண்ணன், “பாம்ப எங்கப்பா காணோம்?” என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கிரேடு

படம் முடிந்தது.

“நார்,” என்றாள் முருகேஸ்வரி.

“சட்டுனு அப்படிச் சொல்லிட்டா எப்படி? அந்தக் குகை செட்டிங்கெல்லாம்…” என்று செல்லையா அண்ணன் ஆரம்பித்தார்.

“நார்ங்க. உரக்குழிக்குத்தான் போகும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து அவள் முன்னால் நின்றேன். “எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு முருகு. அறுக்காதன்னுதான் சொன்னாரு. நீ போவலன்னு சொன்னேல்லா, அதான் மாத்திச் சொன்னேன். நாஞ் சொன்ன கதைய நம்பித்தான் நீ அம்மாவ விட்டுட்டுப் போன. அம்மா போனதுக்கப்புறம் ஒம் மொகத்தப் பாக்க எனக்கு ஏலல. என்னய மன்னிச்சிரு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுடைய கிளினிக்கில், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறவர்களை அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன்.

“ஒன் கதைய நம்பியா? ஏட்டி, நீ என்ன பெரிய இவளா? ஒரு சினிமாவப் பாத்துட்டு எங்கம்மாவப் போட்டுட்டுப் போற கிறுக்கியா நானு?”

அவள் கிழங்குத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“திங்கக்கிழமை காலைல வெந்நி வெச்சு அம்மாவத் தொடச்சு விட்டுக்கிட்டிருந்தேன். எங் கையப் புடிச்சுக்கிட்டு ‘போயிரு’ன்னா. மாட்டேன்னேன். நான் பெட்டியக் கட்டுற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு வாயப் பூட்டிக்கிட்டா. பொழுது சாயுற வரைக்கும் ஒரு வாய் கஞ்சி எறங்கல. நான் பெட்டியக் கட்டுனதக் கண்ணால பாத்தப்புறந்தான் குடிச்சா. எங்கம்மா சொன்னது தமிழ்லட்டி. அத எனக்கு யாரும் ஸ்டூல்ல ஏறி நின்னு சொல்ல வேண்டியிருக்கல.”

“அப்ப எதுக்கு அதுக்குப் போயி முதல் கிரேடு போட்ட?”

“நீ நல்லாச் சொன்ன. போட்டேன்.”

இத்தனை வருஷம் நான் சுமந்தது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. அவள் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவள் நான் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் குற்றத்தைக்கூட ஒரு மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சின்னமனூர் வாசகர் இதைப் படித்தால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஆனால் முருகேஸ்வரி முடிக்கவில்லை. அவள் குரல் தணிந்தது.

“அம்மா செத்து நான் வந்தப்ப லயமே பேசுச்சு. பேசட்டும்னு விட்டேன். நீ சொவரோரமா நின்ன. எம் மொகத்த ஏறிட்டுப் பாக்கல. பஸ்ஸுக்கு வருவன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன், வரல. அப்ப நீயும் அவங்க கூடத்தான்னு நெனச்சேன் அமலி. நான் போனது தப்புன்னு நீயும் நெனைக்கன்னு இந்த நிமிசம் வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்கேன்.”

அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நாலு பாஷையில் மூன்று போய்விட்டது. மிஞ்சியிருந்த ஒரு பாஷையில், அன்றைக்குச் சுவரோரம் நின்றபோது சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

“நீ போனதுதான் சரி முருகு. அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாள்கூட வேற மாதிரி நெனச்சதில்ல.”

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நிஜமாகவே வலித்தது. அப்புறம் கீழே இறங்கி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவள் அம்மா செத்த வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

செல்லையா அண்ணன் டிவியை அணைத்தார். ஒரு துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.